ஒரே கண்ணுக்கு இரண்டு பில்

ஆபீசில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் காதில் விழாதபடி மெதுவாகப் பேசும் பழக்கமும் அந்த ஆபீசில் யாருக்கும் கிடையாது. அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பணம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் துறையில் பதினான்கு வருடமாக இருக்கிறாள். சந்தேகம் வந்த பில்லை வெட்டிவிடுவாள். வெட்டியதை, எவ்வளவு பெரிய மனிதர் போன் செய்தாலும், ஒட்டவைக்க மாட்டாள். கத்தரி என்ற பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நின்றவள் அவள். கண்புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்த கண்ணில் டார்ச் அடித்தால், கண்பாப்பாவுக்குள் பூனைக் கண் மாதிரி ஒரு மினுக்கு வரும். வைக்காத கண்ணில் வராது. காகிதம் ஆயிரம் சொல்லட்டும், அந்த மினுக்கு பொய் சொல்லாது. "எனக்கே காது குத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் கைப்பையைத் திறந்து டார்ச்சை எடுத்தால், பல மேனேஜர்களுக்கு முகத்தில் ஈயாடாது.

இந்தத் தடவை மாட்டியிருந்தது துறைமுகச் சாலையில் இருந்த ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. காப்பீட்டு விதி எளிமையானது. ஒரு கண்ணுக்கு ஆயுளில் ஒரு புரை ஆபரேஷன், அவ்வளவுதான். கண்ணில் புரை இரண்டு முறை வராது. இந்த ஆஸ்பத்திரியோ நாற்பத்தொரு பேருக்கு ஒரே கண்ணில் இரண்டு முறை ஆபரேஷன் செய்ததாகப் பில் அனுப்பியிருந்தது. போன வருடமும் வலது கண், இந்த வருடமும் வலது கண். கத்தரி தன் மேசையில் உட்கார்ந்தபடியே நாற்பத்தொன்றையும் வெட்டினாள். காப்பீட்டில் அந்த ஆஸ்பத்திரி இனி ஆபரேஷன் செய்யக் கூடாது என்று நிறுத்திவைத்தாள். பிறகு விதிப்படி நேரில் விசாரிக்க ஒரு திங்கட்கிழமை காலை போய் இறங்கினாள். வியாழக்கிழமை நண்பகலுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

வரவேற்பு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் காலி. ஒரே ஒரு ஜோடிதான் உட்கார்ந்திருந்தது. ஆண் சும்மா இருந்தார். பெண் கவுன்ட்டரைப் பார்த்து, இல்லாத ஒரு ஆளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரோ கத்தரியாமே! எங்கேயோ ஏசில உக்காந்துகிட்டு இவர் கண்ணை வெட்டிட்டாளாம். அவ மட்டும் என் கையில கெடைக்கட்டும்!"

"கெடைச்சாச்சு" என்று கத்தரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான்தாங்க அது. சொல்லுங்க."

வேறு ஒருத்தியாக இருந்தால் அசடு வழிந்திருப்பாள். இவள் அசரவில்லை. "நல்லதாப் போச்சு, அலைச்சல் மிச்சம்" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது மீட்டர் உயரத்தில் கூண்டில் உட்கார்ந்து, கீழே கப்பலில் இருக்கும் பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். போன வருடம் வலது கண்ணில் ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறது. இப்போது இடது கண்ணில் புரை. ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. கீழே ஆள் நிற்கிறான். மாதக் கடைசியில் துறைமுகத்தில் கண் பரிசோதனை. இந்த வாரம் ஆபரேஷன் நடந்தால்தான் அதற்குள் கண் தெளியும். இல்லையென்றால் கிரேனிலிருந்து இறக்கி, வாசலில் லாரி நம்பர் எழுதும் வேலை, பாதிச் சம்பளம். வேறு ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, நான்கு மாதம் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"மேல ஏறிட்டா நான்தாங்க ராஜா" என்றார் கிரேன்காரர். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். "கீழ இறங்கினா இவ."

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "வியாழக்கிழமைக்குள்ள உங்களுக்கு ஒரு பதில் சொல்லுவேன். ஆகும்னா ஆகும், ஆகாதுன்னா ஆகாது. இழுத்தடிக்க மாட்டேன்" என்றாள். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா தெரியவில்லை. ஆனால் திட்டுவதை நிறுத்தினாள்.

மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்தார். டாக்டரின் தங்கையைக் கட்டியவர், மடிப்புக் கலையாத சட்டை. காபியா டீயா என்று ஆரம்பித்தவரைக் கையமர்த்திவிட்டு, கத்தரி கவுன்ட்டருக்குப் போனாள். அங்கே இருந்தது வாயில்லாப் பூச்சியான ஒரு பெண். நாற்பத்தொரு பதிவும் அவள் கையால் ஆனவை.

"அம்மா, நான் நோயாளி. எனக்கு இடது கண்ணுல ஆபரேஷன். எப்படிப் பதிவு பண்ணுவ, செஞ்சு காட்டு."

"எந்தக் கண்ணுல ஆபரேஷனோ அந்தப் புருவத்துக்கு மேல டாக்டர் மையில புள்ளி வச்சு அனுப்புவாருங்க. காகிதத்தை நம்பாதே, முகத்தைப் பார்த்துப் பதிவு பண்ணுன்னு அவர் உத்தரவு. காகிதம் மாறிப்போகும், நெத்தி மாறாதுன்னு சொல்லுவாரு."

நல்ல உத்தரவுதான். கத்தரி ஒரு பேனாவை வாங்கி, தன் இடது புருவத்துக்கு மேல் தானே புள்ளி வைத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் இரண்டு கண் படம் இருந்தது. கத்தரியின் புள்ளி அவளுக்கு வலது கைப்பக்கமாகத் தெரிந்தது. அதனால் வலது பக்கத்துப் படத்தைத் தொட்டாள். படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் 'வலது கண்' என்று போட்டிருந்தது.

கத்தரி பேயறைந்தவள் போல உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே இருப்பவருடைய இடது, பார்ப்பவருக்கு வலது. மற்ற ஆஸ்பத்திரிகளில் காகிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தொட்டார்கள், தப்பு வரவில்லை. இங்கே ஒழுங்காக முகத்தைப் பார்த்துத் தொட்டார்கள், எல்லாம் இடம் வலமாகிவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்புவரை திரையில் படமே கிடையாது, எழுத்தில் அடிக்க வேண்டும். ஆகவே முதல் கண்ணைப் பழைய திரையிலும் இரண்டாவது கண்ணைப் புதிய திரையிலும் பதிவு செய்தவர்களுக்கெல்லாம், ஒரே கண்ணில் இரண்டு ஆபரேஷன் ஆனதாகக் கணக்கு காட்டியது. ஆபரேஷன் சரியான கண்ணில்தான் நடந்திருக்கிறது. பதிவுதான் தலைகீழ்.

சரி, இந்தப் படத்தைத் திரையில் வைத்தது யார்? அதற்கு ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவில் மேசையைத் தட்டிப் பேசியது யார்? "எழுத்து அடிச்சா தப்பு வரும், படத்தைத் தொட்டா தப்பே வராது" என்று சாதித்தது யார்? சாட்சாத் கத்தரியேதான். அவளுக்குக் காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதுதான்.

ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜாதி இல்லை அவள். அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டு விளக்கிச் சொன்னாள். "தப்பு எங்க திரையில இருக்கு. உங்க பொண்ணு மேல தப்பில்ல."

மேனேஜர் முகத்தில் குபீரென்று வெளிச்சம். "அப்போ நாப்பத்தொண்ணும் இடம் வலம் மாறின கண்ணாடிக் குழப்பம்தான் மேடம்! எல்லாமே அதுதான்! நீங்க வேணா ரெண்டு மூணு பேரை மட்டும் பாத்துட்டு எழுதிடுங்க. பாவம், வயசானவங்க, எதுக்கு அலைக்கணும்?"

நிரபராதி என்று தெரிந்தவனுக்குக் கோபம் வர வேண்டும். எட்டு மாதப் பணத்தை நிறுத்தி, ஊரெல்லாம் திருடன் என்று பேசவைத்தவள் எதிரே நிற்கிறாள், ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? இவர் அவசரமாகப் பூசி மெழுகுகிறார். கத்தரிக்கு மூக்கில் வியர்த்தது.

"ரெண்டு மூணு பத்தாது" என்றாள். "நாப்பத்தொண்ணும் பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. இருபத்தொன்பது பேர் வந்தார்கள். ஜன்னலை அடைத்து, ஒவ்வொருவராக உட்காரவைத்து, கத்தரி டார்ச் அடித்தாள். வலதில் மினுக்கு, இடதில் மினுக்கு. அடுத்த ஆள். வலதில் மினுக்கு, இடதில் மினுக்கு. கிரேன்காரரின் மனைவி யாரும் கேட்காமலே வந்து வரிசையை ஒழுங்குபடுத்தினாள். "தள்ளாதீங்க, அம்மா எல்லார் கண்ணையும் பாப்பாங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹால் கப்சிப்பென்று இருந்தது. இருபத்தொன்பது பேருக்கும் இரண்டு கண்ணிலும் லென்ஸ் இருந்தது.

வராத பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் புதன்கிழமை கிளம்பினாள். மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் கழன்றுவிட்டது. ஒன்பது பேர் சரி. மீன் அங்காடியில் ஐஸ் உடைக்கும் ஒருவருக்கு வலது கண் மினுக்கியது, இடது கண் வெறும் பால். "ரெண்டாவது கண்ணா? இன்னும் பண்ணலீங்க. கார்டை மட்டும் புதுப்பிக்கணும்னு மேனேஜர் வாங்கிட்டுப் போனாரு" என்றார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஒரு வாட்ச்மேனும் எழுத்துப் பிசகாமல் இதையே சொன்னார்.

மூன்றாவது விலாசம் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவிலேயே இருந்தது. கதவைத் திறந்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்து நின்றாள்.

"உள்ள வாம்மா. என் பையன் ஆஸ்பத்திரியில இருந்தா வர்ற? இந்த ஆஸ்பத்திரி டாக்டர் என் பையன்தான், தெரியுமில்ல?"

கத்தரிக்குத் தெரியாது. பதிவில் பெயரும் விலாசமும் மட்டும்தான் இருந்தன. டார்ச் அடித்தாள். வலது கண் மினுக்கியது. இடது கண்ணில் ஒன்றும் இல்லை.

"இதையும் பண்ணிடணும்னு அவனும் சொல்லிட்டேதான் இருக்கான். ஊர்க் கண்ணையெல்லாம் பாத்து முடிச்சுட்டு வரட்டும், எனக்கு என்ன அவசரம்? காப்பீட்டுல இருக்கு, எப்ப வேணாலும் பண்ணிக்கலாமே" என்றாள் அந்த அம்மாள். "கார்டு மாப்பிள்ளைகிட்ட இருக்கு. அவர்தான் எல்லாம் பாத்துக்கறாரு."

மாப்பிள்ளை மேனேஜர் நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று கத்தரி மனதுக்குள் சொன்னாள். வீட்டு மனிதர்களும் விவரம் தெரியாதவர்களும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கார்டை மட்டும் நீட்டி, மற்ற இடது கண்களுக்குத் தொட்ட அதே படத்தைக் கவுன்ட்டரில் தொடவைத்து, செய்யாத ஆபரேஷனுக்கு மூன்று பில். நஷ்டம் அரசாங்கத்துக்குத்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு கண்ணுக்கு ஆயுளில் ஒரு தடவைதான். இடம் வலத்தைத் திருத்தியதும் இந்த மூன்று பேரின் இடது கண்ணும் கணக்குப்படி முடிந்துவிடும். நாளைக்குப் பார்வை முழுக்கப் போய்க் கவுன்ட்டரில் வந்து நின்றால், உங்களுக்குத்தான் ஆகிவிட்டதே என்று திருப்பி அனுப்புவார்கள். கண்ணாடிக் குழப்பத்தோடு குழப்பமாக இந்த மூன்றையும் அள்ளிப் போட்டால், அந்தத் திருட்டுக்குக் கத்தரியே முத்திரை குத்தியதாகிவிடும். அவளுக்கு வந்த கோபத்தில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு தெரு நடந்துவிட்டாள்.

சாயங்காலம் இயக்குநர் போன் செய்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அலுத்துக்கொண்டார்.

"எல்லாம் தவறுதலா நடந்ததுன்னு எழுதுங்க. இல்ல, எல்லாம் திருட்டுன்னு எழுதுங்க. ரெண்டுங்கெட்டானா எழுதினா மேல எவன் படிப்பான்?"

"முப்பத்தெட்டு நம்ம தப்பு சார். நம்மன்னா, என் தப்பு. மூணு அவங்க திருட்டு. உள்ளது அதுதான், அப்படித்தான் எழுதுவேன்."

"உங்க பேரை நீங்களே எழுதிக்கப் போறீங்களா? அடுத்த மாசம் பதவி உயர்வுப் பட்டியல் வருது, ஞாபகம் இருக்கா?"

"பட்டியல் அடுத்த மாசம்தானே சார். அறிக்கை நாளைக்கு."

இயக்குநர் பட்டியலை விட்டுவிட்டார். பிறகு, "திருட்டுன்னு ஒண்ணு எழுதினாலும் ஆஸ்பத்திரி தொடர்ந்து நிறுத்தித்தான் இருக்கும். அந்தக் கிரேன்காரர் நிலைமை?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான்.

"ஒன்பதாம் பிரிவு சார். தாமதமானா நோயாளியோட பிழைப்பே போயிடும்னா, நிறுத்திவச்ச ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் பண்ணலாம். ஆய்வாளர் பக்கத்துல நின்னு பாக்கணும். இதுவரை யாரும் நிக்கலை, அவ்வளவுதான். நான் ஒன்பது வருஷம் நின்னவ. நாளைக்கும் நிப்பேன்."

"சரி, நில்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. கிரேன்காரர் இடது புருவத்துக்கு மேல் மைப்புள்ளியோடு உள்ளே படுத்திருந்தார். அவர் மனைவி வெளியே பெஞ்சில், வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். மேனேஜரைக் காணவில்லை. டாக்டர் கை கழுவும் தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, தூக்கம் போதாத முகம். கத்தரி பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எத்தனை தேறல மேடம்?" என்று டாக்டர் குழாயைப் பார்த்தபடியே கேட்டார்.

"மூணு."

"என் கையெழுத்தா?"

"உங்க கையெழுத்துதான்."

"சாயங்காலம் மாப்பிள்ளை பில்லையெல்லாம் கட்டா கொண்டுவந்து வைப்பாரு. நான் படிச்சதே இல்ல." கொஞ்சம் தண்ணீர் ஓடியது. "யார் யாரு?"

"ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க. எனக்குக் கை நடுங்காது."

"உங்க கையில எனக்குச் சந்தேகமே இல்ல. முப்பத்தெட்டுப் பேர் கண்ணைப் பாத்துட்டேன், ஒண்ணுலகூடப் பிசகு இல்ல. ஆனா சொல்ல மாட்டேன்" என்றாள் கத்தரி. "உள்ள ஒருத்தர் கண்ணைத் திறந்துகிட்டுப் படுத்திருக்கார் டாக்டர். முதல்ல அவரு."

டாக்டர் அவளை ஒரு தடவை பார்த்தார். முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பதினான்கு நிமிடம் ஆயிற்று. கத்தரி எத்தனையோ டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்றவள். இது நல்ல கை. அவசரமும் இல்லை, அலட்டலும் இல்லை. "சார், லைட்டு பக்கத்துல வர்ற மாதிரி இருக்கு" என்று துணிக்கு அடியிலிருந்து கிரேன்காரர் குரல் கொடுத்தார். "வரட்டும், நீங்க அசையாம இருங்க" என்றார் டாக்டர். புரை வெளியே வந்தது. மடித்த லென்ஸ் உள்ளே போய் விரிந்தது. நுண்ணோக்கியின் பக்கவாட்டுக் குழாயில் கத்தரி குனிந்து பார்த்தாள். மினுக்கென்றது. இடது கண் என்று கொட்டை எழுத்தில் எழுதி, நேரத்தைப் போட்டு, பார்த்தேன் என்று கையெழுத்திட்டாள்.

கண்ணுக்கு மூடி போட்டு, அவரை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனதும், தொட்டிக்குப் பக்கத்தில் அந்த மூன்று பெயரையும் எழுதிய காகிதத்தை நீட்டினாள்.

டாக்டர் முதல் பெயரைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். பெயரைப் பார்த்தார், விலாசத்தைப் பார்த்தார், மறுபடியும் பெயருக்கு வந்தார்.

"இது எங்க அம்மா."

"ஆமா. நேத்து நானே போய்ப் பாத்தேன். இடது கண்ணு இன்னும் பண்ணலை. உங்க கையெழுத்துப்படி மூணு மாசத்துக்கு முன்னாடியே பண்ணியாச்சு."

"நானே பண்ணினேன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் வழக்கம் கத்தரிக்கு இல்லை.

"நீங்க மூணையும் எழுதினாத்தான் அம்மாவுக்கு அந்தக் கண்ணு திரும்பக் கணக்குல வரும், இல்லையா?"

"ஆமா. எழுதினாத்தான் வரும். எழுதினா உங்க ஆஸ்பத்திரி திறக்கறதுக்கு நாளாகும்."

"எழுதுங்க" என்றார் டாக்டர். "ஒண்ணையும் விடாம எழுதுங்க." அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றவில்லை, முகமூடியைக் கழற்றவில்லை. தோள் குலுங்கியது. ஒரு பெரிய மனிதர் இப்படி அழுவதைக் கத்தரி தியேட்டரில் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு கிரேன்காரரின் மனைவி வந்துவிட்டாள். எத்தனை நேரம்தான் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு இருப்பாள்? டாக்டரைப் பார்த்தாள்.

"ஐயையோ! என்ன ஆச்சு? என் வீட்டுக்காரர் கண்ணுக்கு என்ன ஆச்சு? டாக்டர் ஏன் அழறாரு?"

கத்தரி போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் கண்ணு ஜம்முனு இருக்கும்மா. நான் பாத்துட்டேன், கையெழுத்தும் போட்டாச்சு. மாசக் கடைசியில கிரேன்ல ஏறிடுவார்."

"அப்போ இவர் எதுக்கு அழறாரு?"

"அது வேற ஒரு கண்ணுக்கு" என்றாள் கத்தரி.

அவள் கையை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். நண்பகலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.